செர்ரிப் பூவும் நம் வேப்பம் பூவும்

பங்குனி பிறந்துவிட்டதை நாள்காட்டிக்கு முன்பாகவே நமக்கு அறிவிப்பது வேப்பமரம். மாசியில் தன் பழுத்த இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளையாய் நின்ற மரம், சில நாட்களுக்குள் செந்நிறத் தளிர்களைப் போர்த்திக்கொள்கிறது. அத்தளிர்கள் பச்சை நிறம் பெறும்போதே இடையிடையே வெண்ணிறப் பூங்கொத்துகள் தலைகாட்டுகின்றன. தவக்காலத்தின் நடுவில் தொடங்கி, உயிர்ப்புப் பெருவிழாவைக் கடந்து, சித்திரை முழுவதும் இம்மலர்ச்சி நீடிக்கிறது. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே கூட்டேரிப்பட்டில் பேருந்தைவிட்டு இறங்கி, மயிலம் சாலையிலோ வயல்வெளிப் பாதைகளிலோ மாலைப்பொழுதில் நடந்து செல்வோர், இப்பூவின் தேன்மணத்தை நுகராமல் செல்ல இயலாது. எனினும், அண்ணாந்து பார்ப்போர் எத்தனை பேர்?

அன்பு வாசகர்களே, இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள் பூ. பூவைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு பூவைக் கண்டு மகிழ்வதையும், அதனை உணவாக்கிக்கொள்வதையும் ஒரு நாடே தன் வழக்கமாகப் பேணி வருகிறது. அதற்குச் சற்றும் குறையாத பூ ஒன்று நம் வாசலிலேயே உதிர்கிறது. நாமோ விளக்குமாற்றைத் தேடுகிறோம்! இதனைச் சிறிது சிந்திப்பது நம் இல்லங்களுக்கு நலம் பயக்கும் எனக் கருதுகிறோம்.

பூவுக்காகக் காத்திருக்கும் நாடு

ஜப்பானியர் தம் நாட்டுச் செர்ரி மரத்தைச் ‘சகுரா’ என அழைக்கின்றனர். இளவேனிற்காலத்தில் இலை விரிவதற்கு முன்பே அம்மரம் வெளிர் சிவப்பும் வெண்மையுமாகப் பூத்துக் குலுங்கும். மலர்ச்சி ஏறக்குறைய இரண்டு வாரமே. காற்றும் மழையும் வந்துவிட்டால் அதுவும் இல்லை. குறுகிய காலமே இருப்பதாலன்றோ அதன்மேல் அவர்களுக்கு அத்துணை ஆசை! தெற்கே தொடங்கி வடக்கு நோக்கிப் பூ மலர்ந்துவரும் வரிசையை மழைச்செய்தி போல முன்கூட்டியே அறிவிக்கின்றனர். அந்நாட்களில் குடும்பம் குடும்பமாக மரத்தடியில் பாய் விரித்து, கட்டுச்சோறு அவிழ்த்து, முதியோரும் குழந்தைகளும் ஒன்றாக அமர்ந்து உண்டு மகிழ்வர். இதற்கு ‘ஹனமி’, அதாவது பூப்பார்த்தல், என்று பெயர்.

ஒரு காலத்தில் இஃது அரசவையினருக்கும் செல்வருக்கும் உரிய பொழுதுபோக்காக இருந்தது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் டோக்குகாவா யோஷிமுனே என்னும் ஆட்சியாளர், இன்றைய டோக்கியோவில் உள்ள அசுக்காயாமா போன்ற இடங்களில் செர்ரி மரங்களை நடுவித்து, எளிய மக்களும் வந்து கண்டு களிக்க வழிசெய்தார். கியோட்டோ நகரில் பூ முழுமையாக மலர்ந்த நாளை 9ஆம் நூற்றாண்டு முதலே நாட்குறிப்புகளிலும் அரசவை ஏடுகளிலும் குறித்து வந்துள்ளனர். 2021ஆம் ஆண்டு அங்கு மார்ச் 26ஆம் நாளே மலர்ச்சி முழுமை பெற்றது. அதற்கு முன் குறிக்கப்பட்ட எல்லா ஆண்டுகளையும்விட அது முந்தியது என அறிஞர் கூறினர். புவி வெப்பமடைந்து வருவதற்கு இப்பூவையே ஒரு சான்றாகக் காட்டுகின்றனர்.

அவர்கள் பூவைப் பார்ப்பதோடு நின்றுவிடுவதும் இல்லை. அடுக்கடுக்கான இதழ்களையுடைய செர்ரிப் பூவைப் பறித்து, உப்பிலும் ஒருவகைப் புளிப்புப் பழச்சாற்றிலும் ஊறவைத்து உலர்த்தி எடுத்து வைக்கின்றனர். திருமண உறுதிப்பாடு, திருமணம் போன்ற நாட்களில் தேநீருக்குப் பதிலாக, இப்பூ ஒன்றிரண்டை வெந்நீரில் இட்டு விருந்தினர்க்கு வழங்குகின்றனர். சுருங்கிக் கிடந்த பூ, வெந்நீரில் மெல்ல விரிந்து மீண்டும் மலரும். உப்பிட்ட செர்ரி இலையில் அரிசிப் பலகாரத்தைச் சுற்றியும் உண்கின்றனர். அந்த இலைக்கு மணம் தருவது ‘கூமரின்’ என்னும் பொருள். அதனை மிகுதியாக உட்கொண்டால் கல்லீரலுக்குத் தீங்கு நேரும் என மருத்துவர் எச்சரிப்பதால், அதையும் அளவோடுதான் உண்ண வேண்டும்.

நம் நாட்டிலும் செர்ரிப் பூ இல்லாமல் இல்லை. மேகாலய மாநிலத்தின் ஷில்லாங் நகரில், இமயமலைக் காட்டுச் செர்ரி நவம்பர் மாதத்தில் பூக்கிறது. 2016 முதல் அதற்கென்று ஒரு விழாவும் எடுத்து வருகின்றனர். ஆயின் செர்ரி குளிர்நாட்டு மரம். பனிக்காலக் குளிர் போதிய அளவு கிடைத்தால்தான் அதன் மொட்டு விழித்தெழும். நம் தென்னார்க்காட்டுச் செம்மண்ணிலும் வெயிலிலும் அதனை எதிர்பார்ப்பது வீண். நமக்கென்று இறைவன் அளித்திருப்பது வேறு மரம்.

சிறு பூவின் பெருமை

திண்டிவனம் என்னும் பெயரே புளியங்காட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பர். புளிக்கு அடுத்தபடியாக இவ்வட்டாரத்தில் எங்கும் காணப்படுவது வேம்பு. மல்லாட்டைக் கொல்லையின் வரப்பிலும், ஏரிக்கரையிலும், பள்ளி வளாகத்திலும், நம் கோயில் முற்றங்களிலும் அது நிற்கிறது.

வேப்பம் பூவை உள்ளங்கையில் வைத்து என்றேனும் உற்றுப் பார்த்ததுண்டா? வெள்ளை இதழ்கள் ஐந்து. நடுவில் பத்து மகரந்தத் தாள்கள் ஒன்றாக இணைந்து சிறு குழாய் போல் நிற்கும். ஒரு பூவின் அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவே. ஆயின் ஒரே கொத்தில் 150 முதல் 250 பூக்கள் வரை இருக்கும். ஒரு மரத்தில் எத்தனை கொத்துகள்! மாலை மயங்கும் வேளையில் அதன் மணம் மிகும். தேனீக்கள் இதனை நாடி வரும்.

இன்னுமொரு செய்தி. ஒரே வேப்பமரத்தில் காய்க்கும் தன்மையுள்ள இருபாற் பூக்களும், ஆண்பூக்கள் மட்டுமாக உள்ளவையும் கலந்தே பூக்கின்றன. ஆகவே பூத்தவை எல்லாம் காயாவதில்லை; பெரும்பகுதி உதிர்ந்தே தீரும். உதிர்ந்த பூவை நாம் எடுத்துக்கொள்வதால் மரத்திற்கோ, அதன் பழத்தை நம்பி வாழும் பறவைகளுக்கோ எவ்விதக் குறையும் நேராது. மரம் தானாகவே கீழே இறக்கித் தரும் விளைச்சல் இது.

பழந்தமிழ் வேந்தர் மூவருள் பாண்டியர்க்கு உரிய அடையாளப் பூ வேம்பு. சேரர் பனம்பூவையும் சோழர் ஆத்தியையும் சூடியது போல், பாண்டியர் வேப்பம் பூவைச் சூடினர். வண்ணமும் பருமையும் உடைய மலர்கள் எத்தனையோ இருக்க, இச்சிறு வெண்பூவை ஓர் அரசகுலம் தன் தலையில் ஏற்றுக்கொண்டது என்றால், அதன் மதிப்பை அக்காலத்தார் அறிந்திருந்தனர் என்பது விளங்கும்.

நம் அயலாராகிய இந்துப் பெருமக்கள் வேம்பை மாரியம்மனுக்குரிய மரமாகப் போற்றுவர். அவர்தம் பற்றினை நாம் மதிக்கிறோம். அதனைக் காரணமாகக் கொண்டு, வேப்பம் பூ நமக்கு உரியதன்று என ஒதுக்கும் கத்தோலிக்க இல்லங்கள் ஒன்றிரண்டு உண்டு. அது தேவையற்ற தயக்கம். மரம் எல்லார்க்கும் நிழல் தருவது போலவே, அதன் பூவும் எல்லாச் சமையலறைக்கும் உரியது.

கூட்டித் தள்ளும் செல்வம்

பங்கு மக்களைச் சந்திக்கச் சிற்றூர்களுக்குச் செல்லுங்கால் நாம் கேட்ட உரையாடல் ஒன்றை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். பூ உதிரும் காலம். வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவரிடம், “ஏன் ஆயா, இந்த வருசம் பூ பொறுக்கலையா?” என்று வினவினோம்.

“குனிய முடியலீங்க சாமி. மருமவ விடியக்காலையிலேயே கூட்டிக் குப்பையில கொட்டிடுது. அப்புறம் டவுனுக்குப் போனா, அதே பூவை நாட்டு மருந்துக் கடையில பொட்டலமா வாங்கியாருது!” என்றார் அவர்.

அருகில் நின்ற மருமகளும் சிரித்துவிட்டார். “எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலீங்க ஃபாதர்” என்றார். அவர் கூறியதில் குற்றம் காண இயலாது. பூவைத் திரட்டுவதும், உலர்த்துவதும், கைப்பு மிகாமல் சமைப்பதும் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. மாமியார் செய்ய, மருமகள் பார்த்துக் கற்றவை. ஒரு தலைமுறை பார்க்கத் தவறினால் அடுத்த தலைமுறைக்கு அது கிட்டாது. இன்று நம் இல்லங்களில் அறுபது, எழுபது வயதைக் கடந்தவர்களிடமே இக்கைப்பழக்கம் எஞ்சியிருக்கிறது. மரம் இருந்தும், பூ இருந்தும், அறிவு மறைந்துபோனால் காசு கொடுத்துப் பொட்டலம் வாங்குவதன்றி வேறு வழியில்லை.

கண்ணுக்கும் மனத்துக்கும் மருந்து

பூவை உண்பதற்கு முன், மரத்தடியில் அமர்வதால் விளையும் நன்மையை நினைத்துப் பார்ப்போம். 1984ஆம் ஆண்டு ராஜர் உல்ரிச் என்னும் அமெரிக்க ஆய்வாளர், ‘சயன்ஸ்’ என்னும் அறிவியல் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சாளரத்தின் வழியே மரங்களைக் காணும் அறையில் இருந்தவர் 23 பேர். செங்கற்சுவரை மட்டும் காணும் அறையில் இருந்தவர் 23 பேர். மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சிறிய ஆய்வேயாயினும், மருத்துவமனைகளை அமைப்போரின் சிந்தனையை அது மாற்றியது.

ஜப்பானின் வனத்துறை 1982இல் ‘காட்டுக் குளியல்’ என்னும் பழக்கத்தை மக்களிடையே பரப்பத் தொடங்கியது. நீரில் குளிப்பது போல, மரங்களின் நடுவே ஓசையின்றி நடந்தும் அமர்ந்தும் இருப்பதே அது. அவ்வாறு இருந்தோரிடம் மன இறுக்கம் தணிந்ததையும், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் ஓரளவு குறைந்ததையும் பின்வந்த ஆய்வுகள் பல குறித்துள்ளன. இரத்த அழுத்த நோயை இதுவே தீர்த்துவிடும் என்பதன்று. நாள் முழுதும் அலைந்து களைத்த உடலும் மனமும் சற்றே இளைப்பாறுகின்றன என்பதே உண்மை.

இதற்கு ஜப்பானுக்குச் செல்ல வேண்டுமா? நம் முன்னோர் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாலைப்பொழுதைக் கழித்தனர். பிள்ளைகளின் படிப்பும், பெண்ணின் திருமணமும், விதைநெல்லும், கடன் சுமையும் அங்கேதான் பேசப்பட்டன. இன்று ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கிறோம். வேம்பு பூக்கும் நாட்களில், வாரத்தில் ஒரு மாலையேனும் குடும்பத்தார் அனைவரும் மரத்தடியில் அமர்ந்து உண்டு பாருங்கள். செலவு ஏதுமில்லை. ஒரு பழம்புடவையை விரித்துவிட்டு அமர்ந்தால், எழும்போது பூவும் சேர்ந்திருக்கும்!

உடல்நலம்: உண்மை எது, மிகை எது?

வேப்பம் பூ பசியைத் தூண்டும், பித்தத்தைத் தணிக்கும், குமட்டலை நீக்கும், வயிற்றுப் புழுவை அகற்றும் எனச் சித்த மருத்துவ மரபு கூறுகிறது. கைப்புச் சுவை நாவில் பட்டவுடன் உமிழ்நீர் சுரப்பதை நாம் எல்லாரும் உணர்ந்திருக்கிறோம். வேனிற்காலத்தில் வெயிலால் பசி மந்தப்படும்போது, வேப்பம் பூ ரசம் சோற்றை உள்ளே செலுத்துகிறது என்பது அனுபவம். தாவர உணவுகள் பலவற்றில் உள்ள ஃபிளேவனாய்டு வகைப் பொருள்கள் இப்பூவிலும் உள்ளன.

அறுசுவையுள் கைப்பு என்பது நம் பிள்ளைகளின் தட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்தேவிட்டது. இனிப்பும் உப்பும் எண்ணெயும் மிகுந்த பொட்டலத் தின்பண்டங்களே அவர்களின் நாவைப் பழக்கியுள்ளன. கைப்பையும் ஏற்கும் நா, கீரையையும் பாகற்காயையும் சுண்டைக்காயையும் ஏற்கும். வேப்பம் பூவின் பெரும் பயன் இதுவே என்பது நம் கருத்து. சிறிதளவு பூ ஒரு குழந்தையின் நாவை நல்லுணவிற்கு ஆயத்தப்படுத்துகிறது.

ஆயின் இதற்கு மேல் சொல்லப்படுபவற்றை ஆராய்ந்தே ஏற்க வேண்டும். வேப்பம் பூ நீரிழிவைக் குணமாக்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்வோர் உளர். வேப்பிலையை வைத்து நடந்த சில ஆய்வுகளைக் கொண்டு, பூ நோயைத் தீர்க்கும் என முடிவு கட்ட இயலாது. மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தம் விருப்பம்போல் நிறுத்தியதால் கண்ணையும் காலையும் இழந்தோர் நம் ஊர்களிலேயே இருக்கின்றனர். அன்புக்குரிய குடும்பத் தலைவர்களே, பூ உணவு, மாத்திரை மருந்து. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்காதீர்கள். வேம்பை மருந்தளவில் நாள்தோறும் உட்கொள்ள விரும்பும் நீரிழிவு நோயாளர், சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துவிடக்கூடும் என்பதால் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். வெல்லம் சேர்ந்த பச்சடியிலும் அவர்கள் அளவோடு இருப்பது நலம்.

அடுத்து, பூ வேறு, எண்ணெய் வேறு. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் பழைய வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உண்டு. இது மிகக் கொடிய விளைவைத் தரும். மலேசியாவில் இவ்வாறு வேப்பெண்ணெய் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும், வலிப்பும், மூளை, கல்லீரல் பாதிப்பும் நேர்ந்ததை 1981இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் மருத்துவர்கள் அறிவித்தனர். நம் நாட்டிலும் இத்தகைய இறப்புகள் பதிவாகியுள்ளன. ஒரு சொட்டுக்கூடக் கைக்குழந்தையின் வாயில் இடலாகாது. கருவுற்ற தாய்மாரும், குழந்தைப் பேற்றை எதிர்நோக்கியிருக்கும் மகளிரும் வேம்பை எவ்வடிவிலும் மருந்தாக உண்ணாதிருத்தல் நன்று.

மூன்றாவது எச்சரிக்கை: மலைவேம்பு என்று வழங்கும் மரங்கள் வேறு இனத்தவை. அவற்றுள் ஊதாச் சாயலுடன் பூக்கும் ஒரு வகையின் காய் நஞ்சுடையது. பூவில் ஊதா நிறம் தென்பட்டாலோ, மரம் இன்னதென்று உறுதியாகத் தெரியாவிட்டாலோ அதனைத் தொட வேண்டாம்.

திரட்டும் முறையும் சமைக்கும் முறையும்

எந்த மரத்தின் பூவை எடுப்பது? கூட்டேரிப்பட்டு வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சாலையோர மரங்களின் பூவில் புகையும் தூசியும் படிந்திருக்கும். ஆகையால் சாலையைவிட்டு உள்ளே தள்ளி நிற்கும் மரத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். அருகிலுள்ள வயலில் பூச்சிமருந்து அடித்திருந்தால் அம்மரத்தின் பூவும் வேண்டாம்.

முதல்நாள் மாலை மரத்தடியைக் கூட்டித் துப்புரவு செய்து, பழைய வேட்டியையோ புடவையையோ விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிடுங்கள். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், துணியோடு திரட்டிக்கொள்ளலாம். கிளையை உலுக்கவோ ஒடிக்கவோ தேவையில்லை. திரட்டிய பூவை முறத்தில் இட்டுப் புடைத்து, இலை, காம்பு, எறும்பு ஆகியவற்றை நீக்குங்கள். தண்ணீரில் ஒருமுறை விரைவாக அலசி வடித்து, மெல்லிய துணியில் பரப்பி, காற்றோட்டமான நிழலில் மூன்று, நான்கு நாட்கள் உலர்த்துங்கள். கையால் நொறுக்கினால் சருகுபோல் நொறுங்க வேண்டும். ஈரம் எஞ்சியிருந்தால் பூசணம் பிடிக்கும். நன்கு உலர்ந்த பின் ஈரமற்ற ஜாடியில் இட்டு மூடி வைத்தால், ஆண்டு முழுதும் பயன்படும்.

ரசத்திற்கு, நான்கு பேருக்கு உலர்ந்த பூ ஒரு மேசைக்கரண்டி போதும். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பு, பெருங்காயம், இரண்டு மிளகாய் வற்றல், கறிவேப்பிலை சேர்த்துப் பச்சை வாசனை நீங்கக் கொதிக்க விடுங்கள். வெந்த துவரம் பருப்பின் நீரை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கிக் கடுகு தாளியுங்கள். பூவைத் தனியே ஒரு கரண்டி நெய்யில், சிறு தீயில், கருஞ்சிவப்பாக வறுத்து இறுதியில் ரசத்தின் மேல் இட வேண்டும். பூவை ரசத்தோடு கொதிக்கவிட்டால் கைப்பு முழுவதும் இறங்கிவிடும்; குழந்தைகள் மறுமுறை கிட்ட வரமாட்டார்கள். நெய்யில் வறுத்து மேலே இட்டாலோ, மணம் முன்னே வரும், கைப்பு பின்னே மெல்லத் தெரியும்.

சித்திரை முதல்நாளில் மாங்காயும் வெல்லமும் உப்பும் மிளகாயும் சேர்ந்த பச்சடியில் இப்பூவைத் தூவுவது தமிழர் வழக்கம். ஆண்டு தரும் இன்பத்தையும் துன்பத்தையும் ஒரே கிண்ணத்தில் ஏற்றுக்கொள்ளும் கருத்து அதில் அடங்கியுள்ளது. நெய்யில் வறுத்த பூவை உப்புடன் நொறுக்கிச் சுடுசோற்றில் பிசைந்தும் உண்ணலாம். குழந்தைகளுக்கு இரண்டு, மூன்று பூவில் தொடங்குங்கள். ஒவ்வாமை ஏதேனும் தென்பட்டால் நிறுத்திவிடுங்கள்.

மரத்திற்கு வந்த நோய்

பூவைப் பற்றிப் பேசிவிட்டு மரத்தை மறப்பது முறையன்று. நெடுஞ்சாலை நான்கு வழியாக விரிவுபெற்றபோது, இருமருங்கிலும் நிழல் தந்துவந்த மரங்களை இழந்தோம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலிலும், 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலிலும் இவ்வட்டாரத்து மரங்கள் பல சாய்ந்தன. ஃபெஞ்சலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இவை போதாவென்று, வேம்புக்கே உரிய நோய் ஒன்றும் பரவுகிறது. கிளையின் நுனி முதலில் கருகும். பின் இலைகள் பழுப்பேறி, தீயில் வாட்டியது போல் தொங்கும். அக்கொப்பு முழுதும் மேலிருந்து கீழாகக் காயும். இதனை நுனிக்கருகல் என்கின்றனர். ‘ஃபோமாப்சிஸ்’ என்னும் பூசணமே இதற்குக் காரணம் என்பதைக் கருநாடக மாநிலத்து ஆய்வாளர்கள் 1997இல் எடுத்துக்காட்டினர். 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேப்பமரங்கள் கருகியபோது நாடெங்கும் கவலை எழுந்தது. சாறு உறிஞ்சும் தேயிலைக் கொசு என்னும் பூச்சியும் தளிர்களைத் தாக்கி இக்கேட்டை மிகுவிக்கிறது. மழைக்காலத்திலும் அதனையடுத்தும் நோய் வலுக்கும். நோயுற்ற கிளை பூப்பதில்லை. பூத்தாலும் காய் நிற்பதில்லை.

மரம் கருகிவிட்டதே என்று உடனே கோடரியை எடுக்க வேண்டாம். பெரும்பாலான மரங்கள் மறுபடியும் துளிர்க்கின்றன. காய்ந்த கொப்புகளை, அடியில் சிறிது பச்சைப் பகுதியும் சேர வெட்டி எரித்துவிடுங்கள். மேற்கொண்டு செய்ய வேண்டியதை வேளாண் அலுவலரிடமோ, திண்டிவனத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டறியலாம். மருந்து தெளித்த மரத்தின் பூவை அவ்வாண்டு உண்ணலாகாது.

புதிய கன்று நடுவதும் கடினமன்று. ஆனி, ஆடியில் மஞ்சளாய்ப் பழுத்து விழும் கனிகளைத் திரட்டி, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வேப்பவிதைக்கு முளைக்கும் ஆற்றல் சில வாரங்களே இருக்கும். ஆகவே இரண்டு வாரத்திற்குள் மண் நிரப்பிய பையில் ஊன்றிவிட வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளை தெரியும். ஐப்பசி மழையில் கன்றை நட்டு, ஆடு கடிக்காமல் முள்வேலி இட்டு, முதற்கோடையில் மட்டும் நீர் ஊற்றினால் போதும். பிறகு அது தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் பூக்கத் தொடங்கும். பிள்ளை பள்ளியில் சேரும் ஆண்டு நட்ட கன்று, அவன் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் காலத்தில் பூவைத் தரும்.

ஒரு சிறு வேண்டுகோள்

பூப்பார்த்தலை ஜப்பானியர்க்குக் கற்பித்தது பள்ளிப்பாடம் அன்று. தாத்தாவும் பாட்டியும் கைப்பிடித்து மரத்தடிக்கு அழைத்துச் சென்ற பழக்கமே அது. நம் இல்லங்களிலும் அவ்வாறே தொடங்கலாம். இப்பங்குனியில் ஒரு மாலை, வீட்டுப் பெரியவரை மரத்தடியில் நாற்காலியிட்டு அமர்த்துங்கள். துணியை விரிப்பது எப்படி, புடைப்பது எப்படி, வறுக்கும்போது எந்த நிறத்தில் இறக்குவது என்பவற்றை அவர் வாயிலாகவே பிள்ளைகள் கேட்கட்டும். குனிய இயலாத அவர் சொல்ல, குனியக் கூடிய பேரப்பிள்ளைகள் திரட்டட்டும். திரட்டியதில் ஒரு கைப்பிடியை, மரமில்லாத அயல்வீட்டாருக்கும், நகரத்தில் வாடகை வீட்டில் வாழும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள்.

பூ உதிரும் காலம் சில வாரங்களே. நாளைக் காலையில் வாசலைப் பெருக்க விளக்குமாற்றைக் கையில் எடுக்கும் இல்லத்தலைவியர், அதற்கு முன் முறத்தை எடுத்து வாருங்கள் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.